வத்தாளங்கிழங்கு சரியா வரலையா? மலைநாட்டு அடுப்புக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

வத்தாளங்கிழங்கு (சர்க்கரைவள்ளிக்கிழங்கு) அவிப்பதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று கேட்பவர்கள் அநேகமாகக் கொழும்பிலோ குருநாகலிலோ இருப்பவர்கள். நுவரெலியா, கந்தப்பளை, இராகலை, தலவாக்கலைப் பக்கம் வந்து அடுப்பை மூட்டிப் பார்த்தால் தெரியும். ஒரே சந்தையில், ஒரே குவியலில் பொறுக்கிய கிழங்கு தொங்கல் (கடைசி) வீட்டில் மாவாக வேகும். நாலு வீடு தள்ளி, மணிக்கணக்கில் கொதித்தும் நடுவில் கட்டியாக நிற்கும். உடனே பழி கடைக்காரர் மேல் விழும், இல்லாவிட்டால் மருமகள் மேல் விழும்.

இந்தக் கிழங்கு சூட்டு நாட்டுப் பயிர். நம் உயரத்தில் அது நன்றாக விளைவதில்லை; சந்தைக்கு வருவது பெரும்பாலும் கீழ்நாட்டுக் கிழங்குதான். குளிர் அதற்கு ஆகாது. அதனால் கிழங்கில் கோளாறு என்றால் நான் முதலில் கேட்பது, எப்படி அவித்தீர்கள் என்றல்ல. வாங்கி வந்த நாளிலிருந்து அது எங்கே கிடந்தது என்றுதான். கீழே உள்ள கோளாறுகளில் பாதிக்குப் பதில் அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது.

சரியாக வந்தால் எப்படி இருக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சோற்றுக்கோ ரொட்டிக்கோ பக்கத்தில் வைக்க, அரைக்கிலோ கிழங்கைத் தோலோடு கழுவி அவித்து, தோலை உரித்துத் துண்டு போடவும். தாச்சியில் 2 தேக்கரண்டி எண்ணெய் விட்டு கடுகு, சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை இலை தாளித்து, மஞ்சள், உப்பு சேர்த்துக் கிழங்கைப் போட்டு ரெண்டு பிரட்டு. இறக்கும்போது ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூ, கொஞ்சம் தேசிக்காய் (எலுமிச்சை)ப் புளி. விருப்பமானால் இடித்த மாசிக் கருவாடு. துண்டு உருக் குலையாமல் இருக்க வேண்டும், நாக்கில் வைத்தால் மாவாக உடைய வேண்டும், இனிப்பு பின்னால் வர வேண்டும். இதில் எது பிசகினாலும் அதற்குரிய தலைப்பைப் பாருங்கள்.

வெளியே வெந்துவிட்டது, நடுவில் கட்டி

அதிகம் வரும் முறைப்பாடு இதுதான். காரணம் நாலைந்து இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க, அவித்த கிழங்கைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள்.

நடுவட்டம் மட்டும் சீராக வேகாமல், விளிம்பிலிருந்து உள்ளே போகப் போகக் கடினமாகிக்கொண்டு போனால் அது வெறும் நேரக் குறைவு. இங்கே தண்ணீர் 100 பாகையில் கொதிப்பதில்லை. ஏறக்குறைய 300 மீற்றர் உயர்ந்தால் கொதிநிலை ஒரு பாகை இறங்கும். 1,868 மீற்றரில் இருக்கும் நுவரெலியாவில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. 1,200 மீற்றரைத் தாண்டிய ஹட்டன், பண்டாரவளையில் சுமார் 96. பதுளையில் 98க்குக் கிட்ட. ஆறு பாகை குறைவு கேட்கச் சின்னதாகத் தெரிந்தாலும், கிழங்கின் கலச்சுவரைப் பிடித்து வைத்திருக்கும் பெக்டின் கரைவதற்கு அந்தச் சூடு தேவை. கண்டியில் 30 நிமிடத்தில் வேகும் 200 கிராம் கிழங்குக்கு நுவரெலியாவில் 40 நிமிடம் வையுங்கள். கொழும்பில் இருக்கும் தங்கச்சி போனில் சொன்ன நேரம் இங்கே செல்லாது.

சிலர் இதற்குப் பதிலாக அடுப்பில் இன்னும் ரெண்டு விறகைத் தள்ளிக் கொதிப்பைக் கூட்டுவார்கள். தண்ணீர் துள்ளினாலும் சூடு அதே 94தான். காசுக்கு வாங்கிய விறகோ கேஸோதான் வீண். அதோடு துள்ளும் தண்ணீர் கிழங்கை முட்டி மோத வைத்து வெளிப்புறத்தைக் கரைக்கும், உள்ளே பழையபடிதான் இருக்கும். மெல்லக் கொதிக்க விட்டு, மூடி போட்டு, பொறுத்திருங்கள். ஒரே சட்டியில் பெரிசும் சிறிசும் கலந்து போடாதீர்கள். பெரிசைக் குறுக்கே வெட்டிப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

நேரமெல்லாம் சரியாகக் கொடுத்தும், வெட்டிய முகத்தில் அங்கங்கே திட்டுத் திட்டாகக் கடினமாக இருந்தால் அது வேறு வியாதி. கத்தி அந்த இடத்தில் தடுக்கும், கையால் பிசைந்தால் பச்சை கரட் துண்டு மாதிரி அகப்படும். இது குளிர்க் காயம். பச்சைக் கிழங்கை 12 பாகைக்குக் கீழே சில நாட்கள் வைத்தால் அதன் கலங்கள் உள்ளே கெடுகின்றன. வெளியே ஒன்றும் தெரியாது, தோல் பளபளவென்றே இருக்கும். அவிக்கும்போதுதான் காட்டிக்கொடுக்கும். பிரிட்ஜுக்குள் வைத்தவர்களுக்கு இது வருவது எல்லா ஊரிலும் நடப்பது. நம் ஊரில் பிரிட்ஜ் இல்லாமலே வரும். நுவரெலியாவில் மார்கழி தொடங்கிப் பங்குனி வரை ராத்திரிக் குளிர் 10 பாகைக்குக் கீழே போவது சாதாரணம். தை, மாசியில் துகள் உறைபனியே விழும். அந்த நாட்களில் லயத்து (தோட்டத்து வரிசை) வீட்டுச் சீமெந்துத் தரையில், பின்கதவுக்குப் பக்கத்தில் சாக்கோடு போட்டு வைத்த கிழங்குக்கு அந்த மூலையே பிரிட்ஜ்.

குளிர்க் காயம் பட்ட கிழங்கை எவ்வளவு நேரம் அவித்தாலும் அந்தத் திட்டு முழுசாக இளகாது. குக்கரில் போட்டால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அதைப் பிரட்டல் செய்யாமல் பச்சையாகவே துருவி, கோதுமை மாவோடு தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய் போட்டுப் பிசைந்து ரொட்டியாகத் தட்டிச் சுட்டுவிடுங்கள். துருவலில் திட்டு தெரியாது.

குளிரில் இருந்த கிழங்கை எடுத்து வெளியே சூடான இடத்தில் ரெண்டு நாள் போட்டு வைத்து, பிறகு அவித்தால் திட்டு இன்னும் கூடும். ஆகவே தெரியாமல் பிரிட்ஜில் வைத்துவிட்டால், வெளியே எடுத்த அன்றைக்கே அவித்துவிடுவது நல்லது.

வைக்க வேண்டிய இடம் 13 முதல் 16 பாகை வரை, காற்றோட்டமும் இருட்டும் உள்ள இடம். ஹட்டன், பண்டாரவளை உயரத்தில் வீட்டுக்குள் ஒரு கடதாசிப் பெட்டியே போதும். நுவரெலியாப் பக்கம் விறகடுப்பு இருந்தால், அதிலிருந்து கொஞ்சம் தள்ளி உயரமான தட்டில், பத்திரிகைத் தாளில் சுற்றி வையுங்கள். அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம், வாடிச் சுருங்கி முளை விடும். கேஸ் அடுப்பு மட்டும் உள்ள வீடு என்றால், ஒரு வாரத்துக்கு மேல் வாங்கி வைக்காமல் இருப்பதே உத்தமம். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் வேர்த்து அழுகும். கழுவியும் வைக்கக் கூடாது. ஒட்டியிருக்கும் மண் இருந்துவிட்டுப் போகட்டும்.

மூன்றாவது வகை: கிழங்கு முழுக்கவே, விளிம்பு உட்பட, ஒரு மாதிரி விறைப்பாக இருக்கிறது. திட்டு இல்லை, நடுவட்டமும் இல்லை. இதற்கு ரெண்டு காரணங்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். ஒன்று, கறியில் கிழங்கு வேகும் முன்பே புளி, தக்காளி, தேசிக்காய் ஏதாவது விட்டது. புளிப்புள்ள தண்ணீரில் பெக்டின் எளிதில் கரையாது. கிழங்கு வெந்த பிறகுதான் புளிப்பு.

ரெண்டாவது காரணம் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து விடியற்காலை ஆள்கணக்குக்கு, போகும் வீடுகளில் அதிகம். விடியற்காலையில் கிழங்கை அரை வேக்காடாக அவித்து, அடுப்பை அணைத்து, சட்டியைத் தணலில் மூடி வைத்துவிட்டு மலைக்குப் போவது. வந்து மறுபடி கொதிக்க வைப்பது. தண்ணீர் 60, 70 பாகையில் நெடுநேரம் நிற்கும்போது கிழங்கில் இருக்கும் ஒரு நொதியம் வேலை செய்து, கலச்சுவரை இறுக்கிவிடுகிறது. அப்படி ஒருமுறை இறுகியது, பிறகு கொதித்தாலும் லேசில் தளராது. அரைவேக்காட்டில் நிறுத்தாதீர்கள். முழுக்க அவித்துவிட்டுப் போங்கள், அல்லது வந்து அவியுங்கள்.

வெந்திருக்கிறது, ஆனால் இனிப்பே இல்லை

விசில் குக்கர் வந்த பிறகு கூடிய முறைப்பாடு இது. அதே கிழங்கைப் பாட்டி சாம்பலில் புதைத்துச் சுட்டால் தேனாக இருந்தது என்பார்கள். பாட்டியின் கைராசி ஒரு பக்கம் இருக்கட்டும். சூடு ஏறிய வேகம்தான் விஷயம்.

பச்சைக் கிழங்கில் இருப்பது பெரும்பாலும் மாப்பொருள். சூடு 65 பாகையைத் தாண்டும்போது அந்த மாப்பொருள் தண்ணீரை இழுத்து இளகுகிறது. இளகியதை பீற்றா அமிலேசு என்ற நொதியம் வெட்டி மோல்டோஸ் என்ற சர்க்கரையாக்குகிறது. 80 பாகைக்குக் கிட்டப் போனால் அந்த நொதியம் செத்துப்போகும். அப்படியானால் இனிப்பு உண்டாவது 65க்கும் 80க்கும் இடைப்பட்ட அந்தக் கொஞ்ச நேரத்தில்தான். சாம்பலுக்குள் கிழங்கு அந்த இடைவெளியை மெல்லக் கடக்கிறது. குக்கரில் உள்ளே 115 பாகைக்கு மேல் போகும் ஆவி, கிழங்கைச் சில நிமிடங்களில் அதைத் தாண்ட வைத்துவிடுகிறது. மைக்ரோவேவ் அதைவிட மோசம்.

சரி, என்ன செய்யலாம்? முழுக் கிழங்கைப் பச்சைத் தண்ணீரில் போட்டு, சின்ன நெருப்பில் ஏற்றுங்கள். கொதி வர 20 நிமிடம் எடுத்தால் நல்லது. கொதி வந்த பிறகு வழக்கமான நேரம். குக்கர்தான் வேண்டும் என்றால், வெயிட் போடாமல் மூடி மட்டும் வைத்து சின்ன நெருப்பில் 20 நிமிடம் விட்டு, பிறகு வெயிட்டைப் போட்டு ரெண்டு விசில். மேலே 60, 70 பாகையில் நிறுத்தாதே என்று சொல்லிவிட்டு இங்கே மெல்ல ஏற்று என்கிறேனே என்று கேட்கலாம். அங்கே குற்றம், அந்தச் சூட்டில் மணிக்கணக்கில் நிறுத்தி வைத்தது. இங்கே கிழங்கு அதைக் கடந்து போய்க்கொண்டே இருக்கிறது, பிறகு முழுசாகக் கொதிக்கிறது.

இன்னொரு காரணம், கிழங்கு தோண்டிய சூட்டோடு வந்திருப்பது. புதுக் கிழங்கு மாவாக இருக்கும், இனிப்பு குறைவு. தோண்டிய பிறகு 30 பாகைச் சூட்டில், ஈரப்பதமான காற்றில் ஒரு வாரம் போட்டு ஆற்றினால் தோல் காயங்கள் மூடி, இனிப்பும் கூடும். அந்த வேலை கீழ்நாட்டில் நடக்க வேண்டியது, நம் குளிரில் அது நடக்காது. நாம் செய்யக்கூடியது கடையில் கேட்பது மட்டும்: “முதலாளி, இது எப்ப வந்த லோட்?” நேற்று வந்தது என்றால் பத்து நாள் சூடான மூலையில் விட்டுப் பிறகு அவித்துப் பாருங்கள். இந்த ஒரு கேள்விக்குக் கடைக்காரர் பொய் சொல்லப் பெரிதாகக் காரணம் இல்லை, புதுசு என்று சொல்வதுதான் அவருக்குப் பெருமை.

சீனி போட்டு ஈடுகட்டுவது மட்டும் வேண்டாம். பக்கக் கறியை ஆரோக்கியத்துக்காகச் செய்துவிட்டு அதில் சீனி போடுவதற்குப் பதில் உருளைக்கிழங்கே வைத்துவிடலாம்.

சொதசொத என்று தண்ணீராக இருக்கிறது

அவிக்கும்போது தோல் உரித்து, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் கொதிக்க விட்டிருப்பீர்கள். தோலோடு அவியுங்கள், அல்லது இடியப்பத் தட்டில் வைத்து ஆவியில் அவியுங்கள். வெந்ததும் தண்ணீரை வடித்து, வெறும் சட்டியில் மூடி திறந்து 2 நிமிடம் சின்ன நெருப்பில் காட்டினால் மேல் ஈரம் போய்விடும்.

கிழங்கு வகையும் உண்டு. உள்ளே செம்மஞ்சள் நிறமாக உள்ளது இயல்பாகவே ஈரம் கூடியது. அதிலிருந்து மாவுக் கிழங்கை எதிர்பார்க்கக் கூடாது, மசியலுக்கும் சூப்புக்கும்தான் அது. உள்ளே வெள்ளை அல்லது வெளிர் மஞ்சள் உள்ளவை மாவுப் பிடிப்பானவை. அறுவடைக்கு முன் பெருமழை பெய்தாலும் கிழங்கு தண்ணீராகும். அதற்கு நம்மிடம் மருந்து இல்லை.

பால்கறியில் துண்டு கரைந்துவிட்டது, பாலும் திரிந்துவிட்டது

இது ரெண்டு கோளாறு, சேர்ந்தே வரும், ஏனென்றால் ரெண்டுக்கும் காரணம் தேங்காயின் கட்டிப்பாலை (முதல் பிழிவை)ப் போட்டு நெடுநேரம் கொதிக்க விடுவது.

துண்டு உருக்குலையாமல் இருக்க, முன்பு குற்றம் என்று சொன்னதையே மருந்தாக எடுத்துக்கொள்ளலாம். வெட்டிய துண்டுகளைக் கை பொறுக்காத அளவு சூடான, ஆனால் கொதிக்காத தண்ணீரில் 20 நிமிடம் மூடி வைத்துவிட்டுப் பிறகு கறியில் போடுங்கள். கலச்சுவர் கொஞ்சம் இறுகி, கறியில் துண்டு துண்டாகவே நிற்கும். கலியாண வீட்டுக்குப் பெரிய சட்டியில் செய்பவர்களுக்கு இது உதவும். நாலு பேருக்குச் செய்யும் வீட்டில் துண்டைக் கொஞ்சம் பெரிதாக, ரெண்டு விரல் அகலத்துக்கு வெட்டினாலே போதும்.

கறியைத் தண்ணிப்பாலில் (பின்னால் பிழிந்த பாலில்) அவியுங்கள். வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், வெள்ளைப்பூண்டு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, ரம்பை எல்லாம் அதோடு. கிழங்கு வெந்த பிறகு நெருப்பைக் குறைத்து, கட்டிப்பால் விட்டு, ஒரு பக்கமாகக் கிண்டிக்கொண்டே ஒரு கொதி வரும் முன் இறக்குங்கள். தேசிக்காய், இறக்கிச் சூடு கொஞ்சம் ஆறிய பிறகு. பால் ஏற்கெனவே திரிந்துவிட்டால், வெந்த துண்டு ரெண்டை மசித்து அதில் கலந்து கிண்டுங்கள். மாப்பொருள் எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். பழையபடி ஆகாது, ஆனால் பந்தியில் வைக்கலாம்.

கறுத்துப்போகிறது, பச்சையாகிறது

தோல் சீவியதும் வழியும் வெள்ளைப் பாலும், காற்றுப் பட்டதும் கிழங்கிலுள்ள பீனோல் பொருட்கள் மாறுவதும்தான் கறுப்புக்குக் காரணம். சீவியதும் உப்புத் தண்ணீரில் போட்டு வையுங்கள். துருப்பிடித்த கத்தி, இரும்புத் தாச்சி இருந்தால் கறுப்பு இன்னும் கூடும். அலுமினியச் சட்டியோ மண்சட்டியோ எடுங்கள். கையில் ஒட்டும் பால் சவர்க்காரத்துக்கு அசையாது. வெட்டும் முன் கையில் தேங்காயெண்ணெய் பூசிக்கொள்ளுங்கள். இந்தக் கறுப்பால் உடம்புக்குக் கேடில்லை.

பச்சை நிறம் வந்தால் யாரோ சீக்கிரம் வேகட்டும் என்று அப்பச்சோடா போட்டிருக்கிறார்கள். கார நீரில் கிழங்கின் குளோரோஜெனிக் அமிலம் பச்சையாக மாறும். ஊதாச் சதைக் கிழங்கு என்றால் நீலம், பச்சை என்று வேடிக்கை காட்டும். இதுவும் தின்றால் ஒன்றும் செய்யாது, ஆனால் சோடா உயிர்ச்சத்தைக் கெடுக்கும். ஊதாக் கிழங்குக்குத் தேசிக்காய் ரெண்டு சொட்டு விட்டால் நிறம் இளஞ்சிவப்புப் பக்கம் திரும்பும்.

கசக்கிறது, ஒரு மாதிரி மணக்கிறது

இங்கே மட்டும் சமாளிக்கும் வழி எதுவும் சொல்லப் போவதில்லை. கொட்டிவிடுங்கள்.

கூன்வண்டு துளைத்தாலும், கறுப்பழுகல் பூஞ்சணம் பிடித்தாலும், கிழங்கு தன்னைக் காக்க இப்போமியாமரோன் போன்ற கசப்புப் பொருட்களைச் சுரக்கிறது. அவை ஈரலுக்குக் கெடுதல். அவித்தாலும் பொரித்தாலும் அழிவதில்லை. துளை இருக்கும் இடத்தை மட்டும் வெட்டி எறிந்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. கசப்பு துளையைச் சுற்றி நெடுந்தூரம் ஊறியிருக்கும். வெட்டிய முகத்தில் சின்ன மண்நிறச் சுரங்கம், அதைச் சுற்றிக் கரும்பச்சை, மருந்து மாதிரி ஒரு வாடை என்றால், அந்தக் கிழங்கு வேண்டாம். சந்தையில் பொறுக்கும்போதே தோலில் ஊசி குத்தியது போன்ற ஓட்டைகளைப் பாருங்கள், காம்புப் பக்கத்தை முகர்ந்து பாருங்கள். மலிவு விலைக் குவியலில் இவைதான் இருக்கும்.

கொட்டுவது என்றால் மாட்டுக்குக் கொட்டுவது என்று அர்த்தமில்லை. தோட்டத்தில் மாடு வளர்க்கும் வீட்டுக்கு அழுகல் கிழங்கைக் கொண்டுபோய்க் கொடுப்பது நல்ல மனசில் நடப்பது. ஆனால் பூஞ்சணம் பிடித்த வத்தாளங்கிழங்கைத் தின்ற மாடுகள் நுரையீரல் வீங்கி, மூச்சுத்திணறிச் செத்தது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. சாணக் குழியிலும் மாடு முகம் வைக்கும். ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

கசப்பு லேசாக, தோலில் மட்டும் இருந்து, கிழங்கு உள்ளே சுத்தமாக இருந்தால் அது வேறு. தோலை உரித்துவிட்டு ஒரு துண்டைச் சுவைத்துப் பாருங்கள். உள்ளும் கசந்தால் மேலே சொன்னதுதான்.

வாயில் நார் நாராகச் சிக்குகிறது

முற்றிய கிழங்கு. அளவு மீறிப் பருத்தது, நுனி வால் நீண்டது எல்லாம் பெரும்பாலும் நார்தான். குறுக்கே மெல்லிசாக வெட்டினால் நார் துண்டாகிவிடும், நீளவாக்கில் வெட்டாதீர்கள். மசிப்பதானால் துளைக் கரண்டியில் அழுத்தி வடியுங்கள். அடுத்த முறை நடுத்தரமாகப் பொறுக்குங்கள்.

பொரித்தால் வெளியே கருகல், உள்ளே பச்சை

குளிரில் கிடந்த கிழங்கில் சர்க்கரை கூடியிருக்கும், அது எண்ணெயில் சட்டென்று கருகும். வெட்டிய துண்டை 15 நிமிடம் தண்ணீரில் ஊறப் போட்டு, துணியில் துடைத்து, அரை வேக்காடாக ஆவியில் அவித்து, பிறகு மிதமான எண்ணெயில் போடுங்கள். ஆரோக்கியம் என்று தொடங்கியவர்கள் இந்தத் தலைப்பைத் தாண்டிப் போகலாம்.

சாப்பிட்டால் வயிறு ஊதுகிறது

வேகாத கிழங்குதான் முதல் காரணம். நடுவில் கட்டி உள்ளதைப் பசியில் அப்படியே தின்பது. நன்றாக அவித்தும் ஊதினால் அளவைக் குறையுங்கள். நார்ச்சத்துக்குப் பழகாத குடலுக்கு ஒரே நேரத்தில் முக்கால் கிலோ கூடாது. இஞ்சியோ உள்ளியோ சேர்த்துக்கொண்டால் சிலருக்கு இதமாக இருக்கும்.

நல்ல சாப்பாடு என்றுதான் தின்றேன், சீனி ஏறிவிட்டது

கிளினிக்குப் போகும் பெரியவர்கள் வீட்டில் இதுதான் சண்டை. “கிழங்கு நல்லதுன்னு நீதானே சொன்னே” என்று மாமியும், “சோறும் சேத்துத் தின்னா என்ன செய்ய” என்று மருமகளும்.

மருமகள் சொல்வது சரி. 100 கிராம் வத்தாளங்கிழங்கில் சுமார் 20 கிராம் மாச்சத்து, 3 கிராம் நார்ச்சத்து. சோற்றில் 100 கிராமுக்கு மாச்சத்து 28 கிராம், நார் அரைக் கிராம்கூட இல்லை. சோற்றுக்குப் பதிலாகக் கிழங்கு என்றால் லாபம். சோறு குறையாமல் அதன் மேல் கிழங்கு என்றால் மாவின் மேல் மாவு. கிழங்கு வைக்கும் நாளில் சோற்றை ஒரு கரண்டி குறைத்து, தட்டில் பருப்பும் கீரைச் சுண்டலும் கூட்டுங்கள். கோதுமை ரொட்டியும் கிழங்கும் கட்டச் சம்பலும் மட்டுமான தட்டு ருசிதான், ஆனால் அதில் பருப்புக்கு இடமே இல்லை.

எப்படிச் சமைத்தோம் என்பதும் இங்கே எண்ணப்படும். அவித்த வத்தாளங்கிழங்கின் கிளைசீமிக் குறியீடு (இரத்தத்தில் சீனியை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்ற அளவு) 40, 50 என்ற அளவில் நிற்க, அதே கிழங்கைச் சுட்டால் 80க்கு மேல் போகலாம். இனிப்புக்காக மெல்லச் சூடேற்றும் முறையை மேலே சொன்னேனே, சீனி வருத்தம் (நீரிழிவு) உள்ளவர்களுக்கு அது பொருந்தாது. அவர்களுக்குக் கொதிக்கும் தண்ணீரில் நேரே போட்டு அவித்ததுதான் நல்லது. ருசி கொஞ்சம் குறையட்டும், மாமி பொறுத்துக்கொள்வார்.

சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டே சாப்பிட வேண்டும், ஏனென்றால் இதில் பொட்டாசியம் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. தோல் சீவி, சின்னத் துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் அவித்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டால் ஒரு பகுதி குறையும்.

பிள்ளைகளுக்கு என்றால், கிடைக்கும்போது செம்மஞ்சள் சதையுள்ளதை வாங்குங்கள். 100 கிராமிலேயே வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான விற்றமின் ஏ கிட்டத்தட்டக் கிடைத்துவிடும். வெள்ளைக் கிழங்கில் அது பெயரளவுக்குத்தான். உடம்பு அதை எடுத்துக்கொள்ளக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். மேலே தூவும் தேங்காய்ப்பூ அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

மிஞ்சியது மறுநாள் விறைத்துவிட்டது

ஆறிய மாப்பொருள் மறுபடி இறுகுவதுதான் இது, கெட்டுப்போகவில்லை. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இந்த இறுகிய மாப்பொருள் கொஞ்சம் நல்லதுகூட, மெதுவாகத்தான் செரிக்கும். பிரிட்ஜ் ஆகாது என்று சொன்னது பச்சைக் கிழங்குக்கு. அவித்ததை மூடிப் பிரிட்ஜில் 3 நாள் வரை வைக்கலாம். தேங்காய்ப்பூ, தேங்காய்ப்பால் சேர்த்தது மறுநாளே முடிய வேண்டும். காலையில் ஆவியில் 5 நிமிடம் காட்டினால் இளகிவிடும். இல்லாவிட்டால் மெல்லிசாகச் சீவி, தாச்சியில் ஒரு சொட்டு எண்ணெயில் வெங்காயத்தோடு இரு பக்கமும் சிவக்க விட்டு, மிளகுத்தூள் தூவி, பத்து மணித் தேத்தண்ணிக்குக் கட்டிக்கொண்டு போகலாம்.